வள்ளி திருமணம் ஸ்பெஷல் நாடகம்: கமிட்டி கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

திருவிழாவுக்கு நாடகம் வைப்பது என்று கமிட்டியில் முடிவாகிவிட்டால், எந்த நாடகம் என்ற பேச்சு ரொம்ப நேரம் நீளாது. கோவலனில் கொலை விழும். அரிச்சந்திராவில் மயானம் வரும். நல்லதங்காளில் பிள்ளைகள் கிணற்றுக்குள் போவார்கள். சாமிக்கு முன்னால் கல்யாணத்தில் முடிகிற கதையாக இருக்கட்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல, ‘வள்ளி திருமணம்’ என்று நோட்டீஸுக்கு எழுதியாகிவிடும். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, திண்டுக்கல் வட்டாரங்களில் பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் இதுதான் நடைமுறை.

நாடகத்தை முடிவு செய்வது சுலபம். யாரை வைத்து நடத்துவது என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் கோட்டை விடுகின்றன. ஒரு ராத்திரி நாடகத்துக்கு என்னென்ன வாங்குகிறோம், அதில் எது தரமாகக் கிடைக்கிறது, எதில் பணம் வீணாகிறது என்று பகுதி பகுதியாகப் பார்க்கலாம். மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வள்ளியும், முருகனாக வருகிற வேலனும் ஒத்துப்போகிற ஜோடியாக இருந்து, அவர்களுக்குப் பின்னால் கதை தெரிந்த ஆர்மோனியக்காரர் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், இதற்கு ஈடான இசை நிகழ்ச்சியை வேறு எந்த வகையிலும் ஊருக்குக் கொண்டுவர முடியாது. இந்த மூன்று பேரில் ஒருவர் சரியில்லை என்றால், மேடைக்கு எத்தனை சீரியல் பல்பு கட்டினாலும் இரண்டு மணிக்கு மேல் பாயில் ஆள் இருக்காது.

‘ஸ்பெஷல்’ என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இதில் கம்பெனி கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராகப் போன பாய்ஸ் கம்பெனிகள் என்ற சிறுவர் நாடகக் குழுக்களில் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டு, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படிப்பட்டது. ஸ்பெஷல் நாடகத்தில் கதாநாயகனான ராஜபார்ட் (இங்கே வேலன்) ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் (இங்கே வள்ளி) இன்னொரு ஊரிலிருந்து வருவார், கோமாளியான பபூன் மூன்றாவது ஊரிலிருந்து பஸ் ஏறுவார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துச் சேர்ப்பதுதான் செட். ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. சில நாள் வேலனும் வள்ளியும் முதல்முறை முகம் பார்த்துக்கொள்வதே மேக்கப் கொட்டகையில்தான்.

அப்படியிருந்தும் நாடகம் நடக்கிறதே, எப்படி? பாடம்தான் காரணம். 1922-இல் மறைந்த சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் விருத்தமும் வசனமும் வாத்தியார் வழியாக வழிவழியாக வந்து, எல்லோருக்கும் பொதுவான எலும்புக்கூடாக நிற்கின்றன. காட்சி வரிசை எல்லோருக்கும் தெரியும். இந்த இடத்தில் இந்தத் தொகையறா (பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் பாடும் அடிகள்), அதற்குப் பின்னால் இந்தப் பாட்டு என்பதும் தெரியும். அந்தக் கூட்டுக்கு மேல் சதை போடுவது அன்றைக்கு ராத்திரி மேடையில் நிற்கிறவர்களின் வேலை. அதனால்தான் ஒரே நாடகம் பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒரு நாள் வானத்துக்குப் போகிறது, மறுநாள் தரையில் கிடக்கிறது.

பாடத்திலும் வழிகள் உண்டு. ஒரு வாத்தியாரிடம் படித்தவர் போடும் கேள்விக்கு, இன்னொரு வழியில் வந்தவரிடம் தயாரான பதில் இருக்காது. அனுபவம் உள்ளவர் சமாளித்துவிடுவார். புதியவர் திணறுவார், அல்லது சினிமாப் பாட்டுக்குத் தாவிவிடுவார். நாடக நடிகர் சங்கத்திலோ ஏஜெண்டிடமோ பேசும்போது ‘நல்ல வள்ளி ஒருத்தர் வேணும், நல்ல வேலன் ஒருத்தர் வேணும்’ என்று கேட்கக் கூடாது. ‘இந்த வேலனுக்கு யார் ஜோடி கட்டினா எடுக்கும்?’ என்றுதான் கேட்க வேண்டும். இந்த வருஷமே சேர்ந்து ஐந்தாறு மேடை கண்ட ஜோடி கிடைத்தால், தனித்தனியாகப் பெரிய பெயர் உள்ள இரண்டு பேரைவிட அதுவே மேல்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வள்ளிக்கிழங்குக் குழியில் கண்டெடுத்த பெண்ணை வேடர் தலைவன் நம்பி வளர்க்கிறான். அவள் தினைப்புனம் காக்கிறாள். நாரதர் பார்த்துவிட்டுத் தணிகையில் இருக்கிற முருகனிடம் போய்ச் சொல்கிறார். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வருகிறான். அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்ட, பயந்துபோன வள்ளி கிழவனையே கட்டிக்கொள்கிறாள். கந்தபுராணத்தில் இது கடைசிப் பகுதி. கதை அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது. ‘முருகு புணர்ந்து இயன்ற வள்ளி போல’ என்று நற்றிணை 82-ஆம் பாட்டிலேயே உவமையாக வந்துவிடுகிறது. கதை தெரிந்த கூட்டத்துக்கு அடுத்து என்ன நடக்கும் என்ற கவலையே இல்லை. எப்படிப் பாடுகிறார், எப்படி மடக்குகிறார் என்பதற்காகத்தான் விழித்திருக்கிறார்கள். மேடையிலும் பணத்திலும் செய்கிற ஒவ்வொரு ஏற்பாடும் இதை மனதில் வைத்துச் செய்ய வேண்டியது.

சுருதியில் ஆரம்பிக்கலாம். பாடுகிறவர் ஆதாரமாகப் பிடிக்கும் சுருதியைக் ‘கட்டை’ என்று எண்ணால் சொல்வார்கள்; எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். ஜோடி பொருத்தத்தின் முதல் சோதனை அதுதான், கமிட்டிக்காரர்கள் கேட்கவே கேட்காத விஷயமும் அதுதான். மைக் இல்லாத காலத்தில் ஆண்களே 4, 5 கட்டையில் பாடிக் கடைசி வரிசைக்குக் கேட்க வைத்தார்கள். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றைக்கும் பேசப்படுவது அந்த உச்சத்துக்காகத்தான். இப்போது ராஜபார்ட் பெரும்பாலும் 1, 1½, 2 கட்டையில் பாடுகிறார். பெண் ஸ்திரீபார்ட்டின் குரல் 4½, 5, 5½ கட்டையில் வசதியாக நிற்கும். தனித்தனியாகப் பாடும்வரை சிக்கல் இல்லை. வேலனும் வள்ளியும் வாதாடுகிற தர்க்கத்தில் அவர் ஒரு அடி, இவர் ஒரு அடி என்று மாற்றி மாற்றிப் பாடும்போதுதான் கணக்கு வெளியே வரும். வேலன் 1 கட்டை, வள்ளி 5 கட்டை என்றால் அவருடைய பஞ்சமம்தான் (‘ப’) இவருடைய ஸட்ஜமம் (‘ஸ’). ஆர்மோனியத்தில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் வாசிக்கலாம். வேலன் 1½, வள்ளி 5 என்றால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு அடிக்கும் காது ஒருமுறை குலுங்கும். வள்ளி அரைக் கட்டை ஏறியோ இறங்கியோ 5½ அல்லது 4½-க்கு வந்தால்தான் சேரும். 2 கட்டை வேலனுக்கு 5 அல்லது 6 கட்டை வள்ளி சேரும். செட் பேசும்போதே இரண்டு பேரின் கட்டையையும் கேட்டு எழுதிக்கொண்டு, ஆர்மோனியக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு போன் செலவுதான். அதைச் செய்யாத ஊரில் மூன்று மணிக்கு ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டும், இல்லாவிட்டால் வள்ளி கீழ்ஸ்தாயியில் முனகிக்கொண்டிருப்பார்.

இந்த மேடையில் இயக்குநர் என்று ஒருவர் இருந்தால் அது ஆர்மோனியம் வாசித்தபடி பின்பாட்டும் பாடுகிறவர்தான். மேடையின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், காலால் பெடல் மிதிப்பார். அதனால் இரண்டு கையும் கட்டைமேல் இருக்கும். கைப்பெட்டி ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். வலது கை பாட்டை முன்னால் ஓட்டும்போது இடது கை சுருதியை விடாமல் பிடித்திருக்கும். நடிகர் தொகையறாவை இழுத்து மேலே நிறுத்தி மூச்சு வாங்குகிற நேரத்தில், அந்த ஸ்வரத்தைப் பெட்டி பிடித்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். நல்ல கை, நடிகர் எங்கே போகப்போகிறார் என்பதை அரை நொடி முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். வரி மறந்து நடிகர் திகைத்தால், பின்பாட்டாக அந்த வரியின் முதல் சொல்லை எடுத்துப் பாடிவிடுவார். கீழே இருக்கிறவர்களுக்கு மறந்ததே தெரியாது. தர்க்கம் சூடு குறைந்து இழுத்தால், நிறுத்து என்று தலையசைத்து அடுத்த பாட்டுக்கு மெட்டைத் தொடங்குவதும் அவர்தான். சில ஊர்களில் செலவைக் குறைக்க உள்ளூர்க் கச்சேரிக் குழுவின் கீபோர்டுக்காரரை உட்கார வைக்கிறார்கள். அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். நாடகப் பாடம் தெரியாததால் நடிகர் பாடி முடித்த பிறகுதான் தேடுவார். இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

மிருதங்கம், தாளம், ஆல்ரவுண்ட் மூன்றும் அவருக்குத் துணை. மிருதங்கக்காரரிடம் ஹெச்சு (மேல்) சுருதி, தக்கு (கீழ்) சுருதி இரண்டு மிருதங்கமும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். வேலனுக்குச் சுருதி சேர்த்த வலந்தலை (வலது பக்கத் தோல்) வள்ளியின் தனிப்பாட்டுக்கு ஒத்துப்போகாது. திறந்தவெளிப் பனியில் பின்னிரவில் தோல் இளகிச் சுருதி இறங்கும், தொப்பியில் (இடது பக்கத் தோலில்) அப்பிய ரவை காற்றில் காய்ந்து உதிரும். பாட்டு நடுவே கல்லை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தால் அது அவர் குற்றமில்லை; தலைக்கு மேல் கூரை போடாதது கமிட்டியின் குற்றம். ஆல்ரவுண்ட் என்பவர் டிரம், சிம்பல், விசில், இன்னும் சத்தம் எழுப்பும் சின்னச் சின்ன சாமான்களோடு உட்கார்ந்து அடிக்கு அடி, விழுகைக்கு விழுகை சத்தம் கொடுப்பவர். பபூன் காட்சிக்கு அவர்தான் உயிர். தர்க்கத்தின்போது அவர் கை சும்மா இருக்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் சிம்பல் தட்டுகிற ஆல்ரவுண்டால் கெட்டுப்போன தர்க்கங்கள் நிறைய உண்டு.

இனி மேடைக்கு வருவோம். வழக்கமான ராத்திரியில் பத்து மணிவாக்கில் வாத்தியக்காரர்கள் சாமி பாட்டோடு தொடங்குவார்கள். அடுத்து பபூன் வருவார். பாட்டு, பேச்சு, பிறகு டான்ஸ்காரரோடு காமிக் என்று இது இரண்டு, இரண்டரை மணி நேரம் ஓடும். கூட்டம் சேரவும் சிறுசுகள் சிரித்துவிட்டுத் தூங்கவும் இது வேண்டியதுதான். திறமையான பபூன் ஊர்ப் பெயரையும் சாமி பெயரையும் சேர்த்துப் பாட்டுக் கட்டி ஐந்து நிமிஷத்தில் ஊரையே கைக்குள் கொண்டுவந்துவிடுவார். இது லேசான வித்தை இல்லை. குறை என்னவென்றால் கைதட்டல் கேட்கக் கேட்க நேரம் நீண்டுகொண்டே போகிறது, பேச்சும் இரட்டை அர்த்தத்துக்கு இறங்குகிறது. பெண்கள் பகுதி மெள்ளக் காலியாகும். அவர்கள் திரும்பி வர மாட்டார்கள். பின்னால் வள்ளிக்காக உட்கார வேண்டியவர்களும் அவர்களேதான். ‘பன்னிரண்டு மணிக்கு நாரதர் மேடையில் நிற்க வேண்டும்’ என்று முன்கூட்டியே பபூனிடம் மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கேட்பார்கள். நடுவில் ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்வது அவமானப்படுத்துவதாக ஆகிவிடும்.

வள்ளியின் வருகை ஆலோலத்தோடு. பரண்மேல் ஏறி, கையில் கவணோடு குருவி விரட்டுகிற பாட்டு. பரணுக்குக் கமிட்டி ஏற்பாடு செய்யும் மேஜை ஆடக் கூடாது. ஆடினால் வள்ளியின் கவனம் முழுக்கக் காலிலேயே இருக்கும், குரல் இறுகிவிடும். நான்கு காலும் பலகையில் சமமாக உட்காருகிறதா என்று சாயங்காலமே ஒருவர் ஏறி நின்று பார்த்துவிடுவது நல்லது.

நாரதரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நோட்டீஸில் அவர் படம் சின்னதாக இருக்கும், சம்பளமும் குறைவாகப் பேசப்படும். நாடகத்தின் அறிவுப் பகுதி அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. கல்யாணம் வேண்டாம் என்கிற பெண்ணும் கல்யாணம் பேச வந்த சன்னியாசியும் இல்லறமா துறவறமா, களவா கற்பா என்று மோதுகிற இடம். நாரதர் குறளோ தேவாரமோ எடுத்து அர்த்தம் பிரித்தால், வள்ளி அதே பாட்டின் அடுத்த வரியை எடுத்துத் திருப்பி அடிக்க வேண்டும். இதில் வள்ளி சூடாகிவிட்டால் அடுத்து வருகிற வேலனுக்கு வேலை பாதி முடிந்தது. நாரதர் சோர்வாக இருந்தால் வள்ளி குளிர்ந்த குரலோடு வேலனை எதிர்கொள்வார். பெரிய ராஜபார்ட்டுக்குக் கொடுப்பதில் கொஞ்சம் குறைத்தாவது விஷயம் தெரிந்த நாரதரைப் போடுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வேலன் உள்ளே திரைக்குப் பின்னால் நின்றபடியே குரலை எடுப்பார். ‘காயாத கானகத்தே’ என்ற முதல் சொற்களுக்காகத்தான் பாதிக் கூட்டம் கண் விழித்திருக்கும். இந்தப் பாட்டில் சொந்தக் கைச்சரக்கு காட்டலாம், அவசரம் காட்டக் கூடாது. கானகத்தே என்கிற இடத்தில் நீட்டி நின்று சங்கதி போட்டுவிட்டு, பின்னால் வருகிற அடிகளை விழுங்கிவிட்டுப் போகிற வேலன்கள் இருக்கிறார்கள். கைதட்டல் வந்துவிட்டது, போதும் என்ற நினைப்பு. ஒவ்வொரு சொல்லையும் கடைசி வரிசைக்கு உடைத்துக் கொடுப்பவர்தான் அடுத்த இரண்டு மணி நேரத்துக்குத் தாங்குவார்.

பிறகு தர்க்கம். மான் ஒன்றைத் துரத்தி வந்தேன், கண்டாயா என்பதுதான் வாசல். வள்ளி, எந்த மான், என்ன அடையாளம் என்று கேட்பார். இரண்டு கால் மான், பேசுகிற மான் என்று வேலன் நெருங்குவார். ‘பேசத் தெரிந்த மான் வேடன் கையில் சிக்காது’ என்ற மாதிரி வள்ளி ஒரு வெட்டு வெட்டினால், அந்த வெட்டை வாங்கிக்கொண்டு வேலன் ஒரு விநாடி சும்மா நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடியில்தான் கூட்டம் சிரிக்கும், ஆர்மோனியம் அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்தைத் தொடும். எதிராளி பேசி முடிப்பதற்குள் தன் வசனத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற வேலனிடம் எவ்வளவு குரல் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இதே போல வள்ளி எல்லாக் கேள்வியிலும் ஜெயிக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாலும் கதை நகராது. தோற்பது போல இறங்கி, அடுத்த கேள்வியில் ஏறுகிற ஏற்ற இறக்கம் தெரிந்த இரண்டு பேரைத்தான் ஜோடி என்கிறோம். தர்க்கத்தை அரை மணியில் முடிக்கச் சொல்கிற கமிட்டிகள் உண்டு. அப்படிச் செய்தால் செலவழித்து வாங்கிய பொருளைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்த மாதிரிதான்.

தர்க்கத்தைக் கெடுப்பதில் நடிகர்களைவிட ஊர்க்காரர்களுக்குத்தான் பெரிய பங்கு. அன்பளிப்பு கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிக்க வேண்டும் என்று நடுப்பாட்டில் மேடைக்கு ஆள் ஏறுகிறார். ஒரு பெயர் வாசித்தால் பத்துப் பெயர் வரும். பாட்டில் நின்ற சூடு திரும்ப வர இருபது நிமிஷமாகும். சீட்டுகளை ஒருவரிடம் சேர்த்து வைத்து, பபூன் காட்சி முடிந்ததும் ஒருமுறை, வேங்கை மரக் காட்சிக்கு முன்னால் ஒருமுறை என்று இரண்டே தவணையில் வாசித்துவிடலாம். கொடுத்தவர்களுக்கும் குறை இருக்காது.

மைக் செட்டில் ஏமாறுவது ரொம்ப சாதாரணம். மேடை முன்னால் நடிகர்களுக்கு இரண்டு ஸ்டாண்டு மைக், ஆர்மோனியப் பெட்டிக்கு ஒன்று, பின்பாட்டுக் குரலுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. இதற்குக் குறைந்தால் நாடகம் கேட்காது. முக்கியமானது, வாத்தியக்காரர்களையும் நடிகர்களையும் பார்த்தபடி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர். அது இல்லாமல் தன் சுருதி தனக்கே கேட்காத நடிகர் கத்த ஆரம்பிப்பார். மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் தூரத்துக்குப் போகும், கீழ்ஸ்தாயி அதில் காணாமல் போய்விடும். வேலனின் விருத்தம் மூக்கில் பாடுவது போல இருக்கும். கூட்டம் உட்காரும் இடத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர்தான் சரி. பெடல் கிறீச்சிட்டால் ஆர்மோனிய மைக் அதையும் எடுக்கும். பெட்டிக்குக் கீழே சாக்கு மடித்துப் போடுவது பழைய வைத்தியம், இன்றைக்கும் பலிக்கிறது.

சீன் செட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காடு, தெரு, தர்பார் மூன்று படுதாவும் பக்கத் தட்டிகளும் போதும். காட்டுப் படுதா கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நேரம் அதுதான் தொங்கப்போகிறது. ஓடுகிற கலர் லைட்டுகள் வேண்டாம். நடிகரின் முகபாவம் அதில் தெரியாது.

நேரக் கணக்கைச் சொல்லாமல் இந்த ஏற்பாடு முழுமையாகாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை விழாக்களுக்கு மாநில அரசு விலக்குக் கொடுத்தாலும் அது நள்ளிரவு 12 மணி வரைதான், வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே விடிய விடிய நாடகம் என்று நோட்டீஸில் அடித்துவிட்டு, ராத்திரி ஒரு மணிக்குப் போலீஸ் வந்து மைக்கை நிறுத்தினால் நாடகம் சரியாக வள்ளி–வேலன் நடுவில் அறுந்து நிற்கும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்து, எத்தனை மணி வரை அனுமதி என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே செட் பேச வேண்டும்.

பன்னிரண்டு மணிதான் எல்லை என்றால் சாயங்காலம் ஏழு மணிக்கே தொடங்கிவிடுவதுதான் வழி. சாமி பாட்டுக்குக் கால் மணி, பபூன்–டான்ஸ் முக்கால் மணி, நாரதர்–வள்ளி ஒரு மணி, வேலன்–வள்ளி இரண்டு மணி, கிழவன் வேஷத்திலிருந்து கல்யாணம் வரை முக்கால் மணி. அறிவிப்புகளுக்கு மிச்சம் கால் மணி இருக்கும். குறைக்க வேண்டியது எதை என்று கேட்டால் பபூன் பகுதியைத்தான். சிலர் மறுப்பார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வள்ளியின் பாட்டை வெட்டிவிட்டு ‘வள்ளி திருமணம்’ என்று பெயர் போட முடியாது. ஏழு மணித் தொடக்கத்துக்குச் செட் ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். மேக்கப், உடை எல்லாம் அவரவர் கொண்டுவருவார்கள். கமிட்டி கொடுக்க வேண்டியது நல்ல வெளிச்சம், கண்ணாடி மாட்ட ஆணி, பெண் நடிகர்களுக்குத் தனியாகத் தாழ்ப்பாள் உள்ள அறை, பக்கத்தில் கழிப்பறை. கடைசி இரண்டும் இல்லாத ஊருக்கு நல்ல வள்ளிகள் இரண்டாவது முறை வருவதில்லை.

நோட்டீஸ் அச்சடிக்கும்போது பெயர், ஊர், பட்டம், படம் நான்கையும் அவரவரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யார் பெயர் மேலே, யார் படம் பெரிது என்பதில் மனஸ்தாபம் வந்தால் அது மேடையில் தெரியும். பணத்தைத் தனித்தனியாகவே பேசி, தனித்தனியாகவே எழுதிக்கொள்ள வேண்டும்: யாருக்கு எவ்வளவு சம்பளம், எவ்வளவு அட்வான்ஸ், போக்குவரத்துச் செலவு உள்ளேயா வெளியேயா. ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் தாளக்காரருக்கும் ஆல்ரவுண்டுக்கும் என்ன போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சித்திரை, வைகாசி முகூர்த்த நாட்களில் நல்ல ஜோடிகளை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிடுவார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு தேடப்போனால் மிச்சம் இருப்பவர்களைத்தான் சேர்க்க முடியும்.

கடைசிப் பகுதியில் எல்லோருக்கும் களைப்பு வந்திருக்கும், அவசரமும் வந்திருக்கும். கிழவன் தேனும் தினைமாவும் கேட்டு, தின்று, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிற காட்சியை ஓட்டமாக ஓட்டிவிடுகிறார்கள். வேண்டாம். இரண்டு மணி நேரம் கம்பீரமாகப் பாடிய அதே ஆள் கூனிக் குறுகி, குரலை உடைத்துப் பாடுவதைப் பார்க்கும்போதுதான் அவர் கையிருப்பு எவ்வளவு என்று தெரியும். யானை வரும் நேரத்தில் ஆல்ரவுண்ட் முழு வீச்சில் இறங்கலாம். ராத்திரி முழுக்க அடக்கிய கைக்கு இதுதான் இடம். கல்யாணத்துக்கு இரண்டு நல்ல மாலை வேண்டும். சாயங்காலம் சாமிக்குப் போட்ட மாலையை எடுத்துக் கொடுத்துவிடாமல் தனியாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருங்கள். மங்களம் பாடுவதற்கு முன்பே பாக்கிச் சம்பளத்தைக் கவரில் போட்டுப் பெயர் எழுதித் தயாராக வைத்துவிட்டால், மேக்கப் கலைத்த கையோடு அவர்கள் கிளம்பிவிடலாம். அடுத்த ராத்திரிக்கு இன்னொரு ஊரில் இன்னொரு ஜோடி காத்திருக்கும்.